ஃப்ராக் பேப்பரில் ஒளிந்திருக்கும் முக்கால் இன்ச்

கேள்வி:

என் மகளுக்கு ஏழு வயது. ஐந்து வயதில் அவளுக்குத் தைத்த ஃப்ராக்கின் பிரவுன் பேப்பர் பேட்டர்ன் பத்திரமாக இருக்கிறது. பாடி தனி, சுருக்கு வைத்த ஸ்கர்ட் தனி, பஃப் கை, பின்னால் ஜிப். அப்போது மார்பு 22 இன்ச், இப்போது 24. லீவில் ஷார்ட்ஸுக்கு மேலே போட்டுக்கொள்ள, கை இல்லாத டாப் ஒன்றை அதே பேப்பரில் தைக்கலாம் என்று நினைத்தேன். ஸ்கர்ட்டை விட்டுவிட்டு, பாடியை இடுப்புக்குக் கீழே வரை நீட்டினேன். மார்புக்காகப் பக்கத்தில் அரை இன்ச் சேர்த்து, கீழே போகப் போக விரித்தேன். ஜிப் வேண்டாம் என்பதால் பின்பக்கத்தையும் மடிப்பில் வைத்து வெட்டினேன். பழைய புடவையில்தான் முதலில் தைத்தேன், நல்லவேளை. கழுத்து தோளை விட்டு வழிகிறது, கை ஓட்டை வழியாக உள்ளே எல்லாம் தெரிகிறது, கீழே இரண்டு பக்கமும் யானைக்காது மாதிரி நிற்கிறது. கையைத் தூக்கினால் வயிறு தெரிகிறது. புதிதாகவே பேட்டர்ன் போட வேண்டுமா? எம்.சி. ரோட்டில் வாங்கிய மல் காட்டன், 36 இன்ச் பன்னா (துணியின் அகலம்), ஒன்றேகால் மீட்டர் இருக்கிறது. போதுமா? ஜிப் வைத்தால்தான் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்:

தங்கச்சி, முதலில் ஒரு சபாஷ். எம்.சி. ரோட்டுத் துணியில் கத்தரியை வைக்காமல் பழைய புடவையில் வெட்டிப் பார்த்தீர்களே, அந்தப் பொறுமை எனக்கு வர பத்து வருஷம் ஆனது. புதிதாகப் பேட்டர்ன் போட வேண்டாம். உங்கள் பேப்பர் நல்ல பேப்பர்தான். ஆனால் அதை வரைந்தபோது இங்கே கை வரும், இங்கே ஜிப் வரும், இடுப்பில் ஸ்கர்ட் வந்து தொங்கும் என்று மூன்று கணக்குப் போட்டுத்தான் வரைந்திருக்கிறீர்கள். இப்போது மூன்றுமே இல்லை. கையையும் ஜிப்பையும் ஸ்கர்ட்டையும் விட்டீர்கள், அவற்றுக்காகப் பேப்பரில் விட்டிருந்த இடத்தை மட்டும் விடவில்லை. உங்கள் சிக்கல் முழுவதும் அங்கேதான்.

கழுத்து வழிவதிலிருந்து ஆரம்பிக்கலாம். பின்பக்க பாடிப் பேப்பரை எடுத்து வைத்து, நடு ஓரத்தைப் பாருங்கள். ஜிப் வைப்பதற்காக அந்த ஓரத்தில் வழக்கமாக முக்கால் இன்ச் விடுவோம். உங்கள் பேப்பரிலும் அவ்வளவுதான் இருக்கும், டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஜிப் வைத்துத் தைக்கும்போது அது உள்ளே மடிந்துவிடும். நீங்கள் அதை அப்படியே துணி மடிப்பில் வைத்தீர்கள். மடிப்பைப் பிரித்தால் முக்கால் இரண்டு தடவை, ஒன்றரை இன்ச். அத்தனையும் முதுகின் நடுவில், கழுத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. பின்கழுத்து ஒன்றரை இன்ச் அகலமானால் எந்தக் குழந்தையின் தோளிலும் நிற்காது. முன்கழுத்து முன்னால் தொங்குவதும் இதனால்தான்.

கூட்டிப் பாருங்கள். பழைய ஃப்ராக்கின் மார்புச் சுற்று, 22-க்கு மூன்று இன்ச் தளர்வு சேர்த்து 25. மகள் 2 இன்ச் வளர்ந்தாள், நீங்களும் பக்கத்துக்கு அரை அரையாக நாலு இடத்தில் 2 இன்ச் சேர்த்தீர்கள். 27 வர வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் ஜிப் இடம் ஒன்றரை இன்ச் ஏறிக்கொண்டதால் வந்தது இருபத்தெட்டரை. 24 இன்ச் பிள்ளைக்கு அது இரவல் சட்டை.

இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் எங்கள் அக்கா மகளுக்கு இதே தப்பைச் செய்தேன். அதுவும் பழைய புடவையில் இல்லை, பிறந்தநாளுக்கு வாங்கிய புதுத் துணியில். முதுகில் ஒரு பை தொங்கியது. அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது மேல ஸ்கூல் பேக்கை மாட்டிட்டா சரியா இருக்கும்டி" என்றாள். அன்றிலிருந்து எந்தப் பேப்பரை மடிப்பில் வைப்பதாக இருந்தாலும், ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் வைப்பதில்லை. நீங்களும் அந்த முக்கால் இன்ச்சைப் பேப்பரிலேயே பின்னால் மடித்து, அழுத்தித் தேய்த்துவிடுங்கள். வெட்டி எறிய வேண்டாம், நாளைக்கு அதே பேப்பரில் ஃப்ராக் தைப்பீர்கள்.

அடுத்தது யானைக்காது. மார்புக்கும் விரிவுக்கும் வேண்டியதை எல்லாம் பக்கத்தையலிலேயே சேர்த்ததால் வந்தது அது. துணி உடம்பின் நடுவில் தட்டையாகத் தொங்கும், சேர்த்தது முழுக்கப் பக்கத்தில் போய்க் குவியும். விரிவு எங்கும் பரவலாக விழ வேண்டுமென்றால் பேப்பரை நடுவில் கிழித்துத் திறக்க வேண்டும். பயப்பட வேண்டாம், செய்தித்தாளில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதைத்தான் கிழிக்கப் போகிறோம்.

முன் பாடியை நகலெடுத்து, கீழே செய்தித்தாளை ஒட்டி நீட்டுங்கள். தைத்து முடித்த டாப் தோளிலிருந்து 17 இன்ச் இருந்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கு இடுப்பெலும்பு தாண்டி நிற்கும். உங்கள் மகள் நெடுநெடுவென்று இருந்தால் ஓர் இன்ச் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த வயதில் பிள்ளைகள் அகலத்தைவிட உயரத்தில்தான் அதிகம் வளர்கிறார்கள், வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர். தோள் தையலுக்கு அரை, கீழே மடித்துத் தைக்க அரை, இன்னும் ஓர் இன்ச் ஒரு டக்குக்கு (அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்), ஆக பேப்பரில் நீளம் 19 இன்ச்.

இப்போது தோள் கோட்டின் நடுவில் ஒரு புள்ளி. அங்கிருந்து கீழ் ஓரம் வரை நேராக ஒரு கோடு, நடு மடிப்புக்கு இணையாக. அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். பேப்பர் இரண்டு துண்டாகிவிடும். அடியில் இன்னொரு தாளை வைத்து, கழுத்துப் பக்கத் துண்டை அசையாமல் ஒட்டுங்கள். கைப் பக்கத் துண்டை மட்டும் நகர்த்துங்கள்: தோளில் கால் இன்ச் இடைவெளி, கீழ் ஓரத்தில் ஒன்றேகால் இன்ச் இடைவெளி. விசிறி லேசாக விரிந்த மாதிரி இருக்கும். டேப் ஒட்டிவிட்டு, மார்பு வரும் இடத்தில் அந்த இடைவெளியை அளந்து பாருங்கள். அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலே வந்திருக்கும். முன்னும் பின்னும், மடிப்பின் இரண்டு பக்கமுமாக நாலு இடத்துக்கும் சேர்த்தால் 2 இன்ச் சொச்சம். மகள் வளர்ந்த 2 இன்ச் இங்கேயே கிடைத்துவிட்டது! பக்கத்தில் மார்புக்காக ஒரு நூல்கூடச் சேர்க்க வேண்டாம். அக்குளும் கை வளைவும் வடிவம் மாறாமல் அப்படியே இருக்கும். இந்தக் கணக்கு சரியாக விழுந்த அன்று ஏற்படும் திருப்தி தைப்பவர்களுக்குத்தான் தெரியும்.

கீழ் ஓரத்தில் மட்டும் பக்கத்தில் ஓர் இன்ச் வெளியே குறித்து, அக்குளிலிருந்து அதுவரை ஸ்கேல் வைத்து நேர்கோடு இழுங்கள். பழைய சுற்று 25-இல் நாலில் ஒரு பங்கு, தையல் போக, ஆறேகால், திறந்தது ஒன்றேகால், பக்கத்தில் ஒன்று, ஆக எட்டரை. நாலுக்கும் 34 இன்ச் சுற்று. இவ்வளவு போதும். இதற்கு மேல் விரித்தால் கடல்காற்று வீசும் நேரத்தில் மொட்டைமாடிக்குப் போகும் பிள்ளை குடையைப் பிடித்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும். கீழ் ஓரம் பக்கத்தில் முக்கால் இன்ச் மேலே ஏறி வளைவாக வரட்டும், நேராக விட்டால் பக்க முனை இரண்டும் கீழே தொங்கும். தோளில் பேப்பரைத் திறந்ததால் ஒரு சின்ன முறிவு தெரியும், அதையும் ஸ்கேல் வைத்து நேராக்குங்கள். பின் பாடிக்கும் இதே வேலைதான், ஜிப் இடத்தை மடித்த பிறகு.

இனி கை. பஃப் கை வைத்த சட்டையில் தோள் கோடு தோளெலும்பின் நுனி வரை போகும். அதற்கு மேல் கைதான் துணியைப் பிடித்து நிறுத்தும். கையை எடுத்துவிட்டால் அந்த நுனி பிடிப்பில்லாமல் எலும்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை கையைத் தூக்கினால் மேல் கை அந்த நுனியை முட்டி மேலே தள்ளும், டாப்பும் கூடவே ஏறும். வயிறு தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான், நீளம் இல்லை. தோள் நுனியை அரை இன்ச் உள்ளே குறித்து, அங்கிருந்து வளைவை அக்குள் வரை நெளியாமல் கொண்டுபோய்ச் சேருங்கள். முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் உள்வாங்கி இருக்கும், இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

வளைவின் இறக்கத்தைப் பற்றி நிறையப் பேர் குழம்புவார்கள். பிள்ளை வளர்ந்திருக்கிறாள், அக்குளை இறக்க வேண்டாமா? குழந்தை ஃப்ராக்குக்கு இறக்கம் மார்பில் கால் பங்கு என்பது நாங்கள் போடும் கணக்கு. 22-க்கு ஐந்தரை, 24-க்கு ஆறு. அரை இன்ச் இறங்க வேண்டியதுதான். ஆனால் கை இல்லாத சட்டைக்கு அக்குளை அரை இன்ச் ஏற்றியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும். இறக்கமும் ஏற்றமும் ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது. தொடாதீர்கள். ஒன்றே ஒன்று: கை வைத்துத் தைக்க வளைவில் அரை இன்ச் தையல் விட்டிருப்பீர்கள். கிராஸ் பட்டி (துணியை மூலைவாட்டில் வெட்டி எடுக்கும் நீளப் பட்டி) வைக்கக் கால் இன்ச் போதும். ஆகவே வளைவு முழுக்க ஓரத்திலிருந்து கால் இன்ச்சைக் கத்தரித்துவிடுங்கள். இல்லையென்றால் அக்குள் பிள்ளையைக் கடிக்கும்.

இந்தப் புதுப் பேப்பரில் பழைய புடவையிலேயே இன்னொரு தடவை வெட்டி, பெரிய தையலாக ஓட்டி, மகளுக்குப் போட்டுப் பாருங்கள். என் கடைக்கு வரும் பிள்ளைகளை நான் கண்ணாடி முன்னால் நேராக நிற்க வைப்பதில்லை. நேராக நின்றால் எந்தச் சட்டையும் அழகுதான். "56சி பஸ் வருது, கையைக் காட்டி நிறுத்து" என்பேன். கை மேலே போகும்போது கீழ் ஓரம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பேன். ஓர் இன்ச், ஒன்றரை இன்ச் ஏறினால் சரி. அடுத்து, கல்லாங்காய் ஆட உட்கார்கிற மாதிரி உட்காரச் சொல்வேன், பக்கம் இழுக்கிறதா என்று பார்க்க. கடைசியாகக் குனிந்து செருப்பு வாரை மாட்டச் சொல்வேன். முன்கழுத்து உடம்பை விட்டுத் தள்ளி விழுந்தால், முன்கழுத்தின் நடுவில் ஒரு சிட்டிகை துணியைப் பிடித்துக் குண்டூசி குத்திவிடுவேன். எத்தனை பிடித்தேனோ அத்தனையைப் பேப்பரில் கழுத்துப் பக்கத்தில் மடித்துவிட வேண்டியதுதான். மூன்றும் சரியென்றால்தான் நல்ல துணியைத் தொடுவேன்.

துணி விஷயத்துக்கு வருவோம். மல் வாங்கியது நல்ல தேர்வு. மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் வெயிலைவிடப் புழுக்கம்தான் கொல்லும், மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வரும்வரை சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டே கிடக்கும். டெரிகாட்டனோ, பாலியஸ்டர் கலந்த ரேயானோ போட்டால் கழுத்தில் வேர்க்குரு. வாங்கியது சுத்தக் காட்டன்தானா என்று சந்தேகம் இருந்தால் ஓரத்தில் நாலு நூலை உருவி, சமையலறை மேடையில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து, தொட்டால் பொடியும் சாம்பல் மிஞ்சினால் காட்டன். உருகி, கறுத்த குண்டுமணி மாதிரி இறுகினால் பாலியஸ்டர் இருக்கிறது.

மல் மெல்லிசு, உள்ளே தெரியுமே என்று லைனிங் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். லைனிங் வைத்த மல், கோடைக்கு இரண்டு சட்டை போட்ட மாதிரி. உள்ளே ஒரு காட்டன் ஷிம்மி போதும், வியர்வையை அது வாங்கிக்கொள்ளும், தினம் துவைக்கவும் சுலபம்.

வெட்டுவதற்கு முன் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போடுங்கள். காட்டன் முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று, நாலு பங்கு சுருங்குவது சாதாரணம். ஊறவைக்காமல் தைத்தால் அந்தச் சுருக்கம் டாப்பில் நடக்கும், 17 இன்ச் பதினாறே காலாகிவிடும். கல் உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள், என் மாமியாரும் சொல்வார். கடையில் வாங்கும் துணியின் சாயத்தை வீட்டு உப்பு பிடித்து நிறுத்தாது. போகிற சாயம் போகத்தான் செய்யும். தண்ணீர் நிறம் மாறுவது நிற்கும்வரை அலசுங்கள், அவ்வளவுதான். நிழலில் காயவைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே நேர் இழையில் இழுத்துத் தேயுங்கள்.

இதில் நமக்கு ஒரு பாத்தியதையும் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணியைத் துவைத்து வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. உங்கள் வீட்டிலிருந்து வடக்கே கொஞ்சம் போனால் காலடிப்பேட்டை. 1717-லிருந்து 1720 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. காலெட் பேட்டை வாயில் நுழைந்து காலடிப்பேட்டை ஆனது, இன்றைக்கு மெட்ரோ ஸ்டேஷன் பலகையிலும் அப்படியே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு துணியைத் தண்ணீரில் நனைக்காமல் வெட்டலாமா?

ஒன்றேகால் மீட்டர் என்பது 49 இன்ச். சுருங்கினால் 47, பன்னா 35. போதும், மிச்சமும் வரும். ஆனால் துணியை வழக்கம்போலச் சரிபாதியாக மடிக்காதீர்கள். கீழ் ஓரத்தில் உங்கள் பேப்பர் அகலம், தையலோடு சேர்த்து 9 இன்ச். ஆகவே ஒரு கரையை மட்டும் ஒன்பதரை இன்ச்சுக்கு உள்ளே மடியுங்கள். அந்த மடிப்பில் முன்பக்கம், அதற்குக் கீழே பின்பக்கம், ஒன்றன்கீழ் ஒன்றாக. இரண்டு பத்தொன்பது 38 இன்ச். பக்கத்தில் மடிக்காத துணி நீளவாக்கில் அகலமாக நிற்கும், கிராஸ் பட்டி அங்கிருந்து. அடியில் எட்டு, ஒன்பது இன்ச் குறுக்கே மிஞ்சும். மாங்காய், படகு என்று தலை கால் உள்ள பிரின்ட்டாக இருந்தால் இரண்டு பேப்பரின் தோளும் ஒரே பக்கம் பார்க்கட்டும். பின்பக்கத்துத் துண்டில் மாங்காய் தலைகீழாகத் தொங்குவதைத் தைத்து முடித்த பிறகுதான் கவனிப்போம், என் அனுபவம்.

வெட்டிய துண்டை எடுத்து உதறாதீர்கள். கழுத்தும் கை வளைவும் குறுக்கு இழையில் இருப்பவை, கையில் தூக்கினாலே இழுபடும். முதலில் வெட்டிய ஓரத்திலிருந்து கால் இன்ச்சுக்குள்ளாகவே இரண்டிலும் சுற்றி ஒரு தையல் போட்டுவிடுங்கள். கை ஓட்டை வாய் பிளக்காமல் இருப்பதற்கு இந்த ஒரு தையல் பாதி வேலை செய்யும். மல்லுக்கு 11-ஆம் நம்பர் ஊசி. ஜீன்ஸ் தைத்த ஊசியை மாற்றாமல் விட்டால் வழி நெடுக ஓட்டை விழும்.

தோளும் பக்கமும் பிரெஞ்சுத் தையல். ஓவர்லாக் கடைக்குக் கொடுக்கலாம், சீக்கிரம் முடியும். ஆனால் ஓவர்லாக் நூல் அக்குளில் வியர்வையோடு உரசினால் பிள்ளை சொறிந்துகொண்டே இருக்கும். துணியின் உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, முதலில் கால் இன்ச்சுக்குக் குறைவாக ஒரு தையல். பிசிறைக் கத்தரித்துவிட்டுத் திருப்பி, நல்ல பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் கால் இன்ச்சில் இன்னொரு தையல். பிசிறு முழுக்க உள்ளே அடைபட்டுவிடும். உள்பக்கமும் வெளிப்பக்கம் மாதிரியே சுத்தமாக இருக்கும்.

கிராஸ் பட்டி ஒன்றேகால் இன்ச் அகலம், சரியான குறுக்கில். ஒவ்வொரு கைக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று இன்ச் வேண்டும். பட்டியை வைத்துத் தைக்கும்போது அக்குள் வளைவில் மட்டும் பட்டியைச் சற்றே இழுத்துப் பிடியுங்கள், துணியை இழுக்காதீர்கள். பட்டி ஒரு நூல் குறைவாகப் போனால் வளைவு உடம்போடு அணைந்து உட்காரும். உள்ளே மடித்து ஹெம்மிங் செய்தால் அழகு, மிஷினில் ஓட்டினால் உழைப்பு. தினப்படிக்குப் போடுவதென்றால் நான் மிஷின்தான்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன ஜிப் வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளையின் தலைச் சுற்று இருபது, இருபத்தோரு இன்ச். உங்கள் கழுத்துச் சுற்று பதினைந்து, பதினாறுதான் வரும், அதனால் திறப்பு இல்லாமல் தலை நுழையாது என்றவரையில் அக்கா சொல்வது சரி. பின்கழுத்து நடுவில் நாலு இன்ச் கீற்று வெட்டினால் இரண்டு ஓரமும் சேர்ந்து எட்டு இன்ச் கூடும், தலை தாராளமாகப் போகும். கீற்றுக்கு உள்ளே ஒரு துண்டு வைத்துத் தைத்துத் திருப்பி, மேலே ஒரு பட்டனும் நூல் வளையமும் வைத்துவிடுங்கள். மல்லில் ஜிப் வைத்தால் முதுகு விறைத்துக்கொள்ளும், ஜிப்பின் கனத்தில் பின்கழுத்து கீழே இழுபடும். பிள்ளை தானாகக் கழற்றி மாட்டவும் பட்டன்தான் வசதி.

அந்த டக். விரிந்த கீழ் ஓரத்தில் இரண்டு இன்ச் மடித்து வைத்தால் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அதனால் ஓரத்தைக் கால் கால் இன்ச்சாக இரண்டு மடிப்பு மடித்துத் தைத்துவிடுங்கள். அதற்கு இரண்டு இன்ச் மேலே, பட்டுப் பாவாடையில் பிடிப்போமே, அதே மாதிரி அரை இன்ச் டக் ஒன்று சுற்றிலும் பிடியுங்கள். ஓர் இன்ச் நீளம் அதற்குள் இருக்கும். பார்ப்பவருக்கு அது அலங்காரம். அடுத்த கோடையில் நூலைப் பிரித்து இறக்கினால் பிள்ளைக்கு இன்னொரு வருஷம் வரும். டக்குக்கு மட்டும் பெரிய தையல் போடுங்கள், பிரிக்கும்போது மல் கிழியாது.

மிஞ்சிய எட்டு இன்ச்சில் தலைக்கு ஹேர்பேண்டும், முன்பக்கம் ஒரு பாக்கெட்டும் வரும். மகள் கேட்டாலும் கிராஸ் பட்டி முழுவதையும் வெட்டி எடுத்து வைத்த பிறகு கொடுங்கள்.